காலியாக விடப்பட்ட பத்து வாரங்கள்

2023 ஆம் ஆண்டு ஆனி மாதத்தில் சில வாரங்கள் ரொறன்ரோவில் தங்கியிருந்தேன். ஸ்காபரோவில் வசிக்கும் என் பெறாமகள், அதாவது மூத்த அண்ணரின் மகள், நான் போய் இறங்கிய மறுநாளே ஒரு வழக்கை என் முன்னால் வைத்தாள். பிரதிவாதி அவளுடைய மகள். மருத்துவக் கல்லூரியில் முதலாம் ஆண்டை அப்போதுதான் முடித்திருந்தாள்.

"சித்தப்பா, நீங்களாவது இவளுக்குப் புத்தி சொல்லுங்கோ. பத்துக் கிழமை லீவு. மற்றப் பிள்ளைகள் எல்லாம் ஆராய்ச்சி, ஆஸ்பத்திரி எண்டு திரியுதுகள். இவள் சிநேகிதப் பிள்ளைகளோட ஏரிக்கரையில போய்ப் படுக்கப் போறாளாம்."

பிரதிவாதி மறுக்கவில்லை. தானும் நான்கு நண்பர்களும் சேர்ந்து மஸ்கோகாப் பகுதியில் ஒரு கொட்டேஜை இரண்டு வாரங்களுக்கு வாடகைக்கு எடுத்திருப்பதாகவும், எஞ்சிய வாரங்களில் செய்வதற்கென்று எதையும் திட்டமிடவில்லை என்றும் அமைதியாகச் சொன்னாள். திட்டமிடாததுதான் திட்டம் என்றாள்.

எனக்கு உடனே தாயின் பக்கம் சாயத்தான் தோன்றியது. இதற்குக் காரணம் உண்டு. பெறாமகள் 1980களின் பிற்பகுதியில் இலங்கையில் மருத்துவபீடத்துக்குத் தெரிவானவள். பல்கலைக்கழகங்கள் மாதக்கணக்கில் மூடப்படுவதும் திறக்கப்படுவதும் மீண்டும் மூடப்படுவதுமாக இருந்த காலம் அது. தெற்கில் ஜே.வி.பி. கிளர்ச்சி, வடக்கில் போர். அனுமதிக் கடிதத்தைப் பெட்டிக்குள் வைத்துக்கொண்டு காத்திருந்தவள், 1991 இல் கனடாவுக்குப் புறப்பட்டாள். அந்தக் கடிதம் இன்னமும் அவளிடம் இருக்கிறது, கல்விதான் நடக்கவில்லை. எங்கள் நாட்டு மாணவர்களுக்கு விடுமுறை என்பது கேட்டுப் பெறுவதாக ஒருபோதும் இருந்ததில்லை. அது கதவடைப்பாகவும் ஊரடங்காகவும் வந்து தலையில் விழுந்தது. ஆகவே காலியாகக் கிடக்கும் பத்து வாரங்களைக் கண்டால் அந்தத் தலைமுறைக்குப் பயம் பிடிக்கிறது. அந்தப் பயத்தைச் சோம்பல் மீதான கோபம் என்று அவர்களே தவறாக எண்ணிக்கொள்கிறார்கள்.

பத்திரிகையாளனுக்குக் கதை சொல்லும் வியாதி உண்டல்லவா. நானும் ஒரு கதையை எடுத்துவிட்டேன். அதே ரொறன்ரோ நகரில், 1921 ஆம் ஆண்டுக் கோடையில், பிரெடெரிக் பன்ரிங் என்ற இளம் மருத்துவரும் சார்ள்ஸ் பெஸ்ட் என்ற 22 வயது மாணவரும் பல்கலைக்கழக ஆய்வுகூடமொன்றில் புழுக்கத்துக்குள் நாய்களின் கணையத்தோடு போராடிக்கொண்டிருந்தார்கள். பெஸ்ட் இளமாணிப் படிப்பை அப்போதுதான் முடித்திருந்தார். மருத்துவப் பட்டம் பெற்றது பின்னர்தான். அந்தக் கோடையின் உழைப்பில் பிறந்ததுதான் இன்சுலின். 1922 தை மாதத்தில் லெனார்ட் தொம்சன் என்ற 14 வயதுச் சிறுவனுக்கு அது ஏற்றப்பட்டது. அதுவரை நீரிழிவு வந்த பிள்ளைகளுக்குப் பட்டினியைத் தவிர வேறு மருந்து இருக்கவில்லை. "அந்தப் பெடியனும் அந்தக் கோடை ஏரிக்குப் போயிருந்தால்?" என்று கேட்டுவிட்டு, நல்ல தலையங்கம் எழுதியவனின் திருப்தியோடு தேநீரைக் கையில் எடுத்தேன்.

அவள் சற்று யோசித்தாள். பிறகு, "தாத்தா, அவை ரெண்டு பேரும் வெக்கைக்குள்ள நிண்ட நேரம் பேராசிரியர் எங்க இருந்தவர்?" என்று கேட்டாள். எனக்குத் தெரிந்திருக்கவில்லை.

அன்றிரவு தேடி வாசித்தேன். ஆய்வுகூடத்தின் தலைவரான பேராசிரியர் ஜோன் மக்லியொட், அந்த ஆனி மாத நடுப்பகுதியிலேயே தம் தாயகமான ஸ்கொட்லாந்துக்குக் கோடையைக் கழிக்கப் புறப்பட்டுவிட்டார்! 1923 இல் மருத்துவத்துக்கான நோபல் பரிசு பன்ரிங்குக்கும் அவருக்குமாகத்தான் வழங்கப்பட்டது. வெக்கைக்குள் நின்ற பெஸ்டின் பெயர் அதில் இல்லை. பன்ரிங் கொதித்தெழுந்து தம் பங்குப் பணத்தில் பாதியைப் பெஸ்டுக்குக் கொடுத்தார். மக்லியொட்டும் தம் பங்கில் பாதியை, மருந்தைச் சுத்திகரித்த கொலிப்புக்குக் கொடுத்தார். மக்லியொட்டைக் குறைத்து மதிப்பிட நான் இதைச் சொல்லவில்லை. அவருடைய நெறிப்படுத்தல் இல்லாமல் அந்த ஆய்வு நிலைபெற்றிருக்காது என்பதை வரலாற்றாசிரியர்கள் இன்று ஏற்றுக்கொள்கிறார்கள். ஆயினும் நோபல் பரிசுக்கும் கோடை விடுமுறைக்கும் ஜென்மப்பகை எதுவும் இல்லை என்பதை அன்றிரவு ஒப்புக்கொள்ள வேண்டியதாயிற்று.

தேடிய இடத்தில் இன்னொரு மனிதரும் அகப்பட்டார். பன்ரிங்குக்கு உதவியாக முதலில் குறிக்கப்பட்டவர்கள் இரண்டு மாணவர்கள். மற்றவரின் பெயர் கிளார்க் நோபிள். கோடையை இருவரும் பங்கிட்டுக்கொள்வது என்றும், யார் முதலில் போவது என்பதை நாணயத்தைச் சுண்டித் தீர்மானித்தார்கள் என்றும் சொல்லப்படுகிறது. முதல் முறை பெஸ்டுக்குப் போயிற்று. வேலையில் கை பழகிவிட்ட பெஸ்டே தொடர்ந்தார். நோபிளின் முறை அந்தக் கோடையில் வரவேயில்லை. பின்னர் இன்சுலின் ஆய்வுகளில் அவரும் சேர்ந்து உழைத்தாரெனினும், புகழின் வண்டி அதற்குள் போய்விட்டிருந்தது. ஒரு கோடையைத் தவறவிட்டவனுக்கு நேரும் கதி இதுதான் என்று பெறாமகள் சொல்லியிருப்பாள். நானும் சொல்லியிருப்பேன்.

ஆனால் அவருடைய கதை அங்கே முடியவில்லை. 1952 இல், வயதான வைத்தியராக இருந்த நோபிளுக்கு ஜமெய்க்காவிலிருந்து ஒரு கடித உறை வந்தது. உள்ளே ஒரு செடியின் இலைகள். இன்சுலின் கிடைக்காத இடங்களில் அங்குள்ள மக்கள் நீரிழிவுக்கு அந்த இலையை அவித்துக் குடிக்கிறார்களாம். நோபிள் அதை ஒன்ராறியோவின் லண்டன் நகரிலே ஆய்வாளராக இருந்த தம் தம்பி றொபேர்ட் நோபிளுக்கு அனுப்பிவைத்தார். இலைச்சாறு எலிகளின் சர்க்கரையைக் குறைக்கவில்லை, வெள்ளணுக்களைக் குறைத்தது. றொபேர்ட் நோபிளும் சார்ள்ஸ் பியர் என்ற இரசாயனவியலாளரும் 1958 இல் அதிலிருந்து வின்பிளாஸ்ரின் என்ற புற்றுநோய் மருந்தைப் பிரித்தெடுத்தார்கள். அதே செடியில் பின்னர் கிடைத்த வின்கிறிஸ்ரின் சிறுவர்களின் இரத்தப் புற்றுநோய்க்கு இன்றும் ஏற்றப்படுகிறது. அந்தச் செடி வேறெதுவுமன்று, நம் ஊர் வளவுகளிலும் கோயில் வீதிகளிலும் கேட்பாரற்றுப் பூத்துக் கிடக்கும் பட்டிப்பூ. தமிழகத்தார் நித்தியகல்யாணி என்பார்கள்.

நோபிள் அந்தக் கோடையில் ஓய்வெடுத்ததால்தான் இந்த மருந்து வந்தது என்று நான் வாதிட வரவில்லை, அது அபத்தம். எந்தக் கோடை எதைத் தரும், எதைப் பறிக்கும் என்று முன்கூட்டியே கணக்கெழுத நம்மில் எவருக்கும் உரிமையில்லை என்பது மட்டுமே என் கட்சி.

இப்போது அந்தக் கணக்கைத்தான் எழுதுகிறார்கள். வட அமெரிக்காவில் மருத்துவக் கல்வி பெரும்பாலும் நான்கு ஆண்டுகள். நீண்ட கோடை விடுமுறை தொடக்க ஆண்டுகளோடு சரி. மூன்றாம் ஆண்டில் மருத்துவமனைப் பயிற்சி தொடங்கியதும் அது போய்விடும். அதன்பின் வதிவிடப் பயிற்சி, சிறப்புப் பயிற்சி, வேலை. கனடாவில் மக்மாஸ்ரர், கல்கரி பல்கலைக்கழகங்களில் மூன்றாண்டுப் பாடத்திட்டம் வழக்கமாகி நெடுங்காலம். கோடை விடுமுறைகளை வெட்டித்தான் அந்த ஓராண்டை மிச்சம் பிடித்தார்கள். அமெரிக்காவில் மாணவர்களைத் தரப்படுத்தப் பயன்பட்ட முதற்கட்ட உரிமத் தேர்வின் புள்ளிகளை 2022 தை மாதத்தில் நிறுத்தி, சித்தி அல்லது சித்தியின்மை என்று மட்டும் அறிவிக்கத் தொடங்கினார்கள். மாணவரின் நெருக்கடியைக் குறைப்பதும் அதன் நோக்கங்களில் ஒன்று. நெருக்கடி குறையவில்லை, இடம் மாறியது. புள்ளி போனால் வேறு எதைக் காட்டுவது? ஆய்வுக் கட்டுரையைக் காட்டு. கட்டுரையை எப்போது எழுதுவது? கோடையில் எழுது. ஆய்வில் உண்மையான தாகமுள்ள பிள்ளை ஆய்வுகூடத்துக்குப் போவதில் எனக்கு ஆட்சேபணை இல்லை. பட்டியலில் ஒரு வரி சேர்ப்பதற்காக, தான் நம்பாத ஓர் ஆய்வில் பதினோராவது பெயராக நிற்பதற்குப் பத்து வாரங்களைக் கொடுப்பதுதான் எனக்கு விளங்கவில்லை.

என் சொந்த அனுபவம் ஒன்றை இவ்விடத்தில் சொல்லியாக வேண்டும். பெருமைப்படும் விடயமன்று.

நான் பணியாற்றிய பத்திரிகையில் இரவுப் பணிக்கு ஆள் போதாமல் இருந்த ஒரு காலம். தொடர்ச்சியாக மூன்று இரவுகள் நான் மேசையில் இருந்தேன். விடுப்பு எடுக்காதவன் என்று எனக்கு அலுவலகத்தில் ஒரு பெயர். அதில் எனக்கு ஒரு கர்வமும் உண்டு. மூன்றாம் இரவு, மலையகப் பாதையொன்றில் நிகழ்ந்த பேருந்து விபத்தின் செய்தி தொலைபேசியில் வந்தது. இறந்தவர்களின் பட்டியல் ஒன்று, காயமடைந்தவர்களின் பட்டியல் ஒன்று. இரண்டிலும் ஒரே முதலெழுத்தோடு, கிட்டத்தட்ட ஒரே பெயரில் இரண்டு இளைஞர்கள். நான் மாற்றி எழுதிவிட்டேன். அச்சுப்படியை நானே சரிபார்த்தேன். கண் பார்த்தது, மூளை பார்க்கவில்லை.

இரண்டு நாட்கள் கழித்து ஒரு தகப்பன் அலுவலகத்துக்கு வந்தார். அவருடைய மகன் உயிரோடு மருத்துவமனையில் இருந்தான். பத்திரிகை ஊருக்குப் போய்ச் சேர்ந்த காலையிலிருந்து, உண்மை தெரியவந்த மாலை வரை, அந்த வீட்டில் சாவு நடந்திருக்கிறது. அவர் ஏசவில்லை. பத்திரிகையை மடித்து என் மேசையில் வைத்துவிட்டு, அந்த இடத்தை விரலால் தொட்டுக் காட்டிவிட்டுப் போய்விட்டார். மற்ற இளைஞனின் வீட்டாரைப் பற்றி நான் இன்றுவரை நினைக்க விரும்புவதில்லை. அவர்கள் ஒரு பகல் முழுவதும் தங்கள் பிள்ளை பிழைத்துவிட்டான் என்று நம்பியிருப்பார்கள்.

நான் கையாண்டது மை. அந்தப் பிள்ளைகள் கையாளப்போவது மருந்து.

1984 பங்குனியில் நியூயோர்க் மருத்துவமனை ஒன்றில் லிபி சயன் என்ற 18 வயது மாணவி, காய்ச்சலோடு அனுமதிக்கப்பட்டுச் சில மணி நேரத்துக்குள் இறந்துபோனாள். அவள் ஏற்கெனவே எடுத்துவந்த மாத்திரையோடு சேரக்கூடாத ஊசி மருந்து ஏற்றப்பட்டிருந்தது. அவளைப் பார்த்தவர்கள் நீண்ட பணிநேரத்தின் நடுவே, பல நோயாளிகளைச் சுமந்துகொண்டிருந்த பயிற்சி வைத்தியர்கள். தகப்பன் சிட்னி சயன் எங்கள் தொழிலைச் சேர்ந்தவர், பத்திரிகையாளர். அவர் விடவில்லை, எழுதினார், வழக்காடினார். 1989 இல் நியூயோர்க் மாநிலம் பயிற்சி வைத்தியர்களின் வேலைநேரத்தை வாரத்துக்கு 80 மணித்தியாலமாக மட்டுப்படுத்தியது. அமெரிக்கா முழுவதற்கும் அது வர 2003 ஆயிற்று. 80 என்பது ஒரு சீர்திருத்தம் என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும்! கனடாவில் கியூபெக் மாகாணம் 2012 இல் மருத்துவமனைத் தொடர்பணியை 16 மணித்தியாலத்தோடு நிறுத்தியது.

நேர்மையாகச் சொல்வதானால், சான்றுகள் எல்லாம் ஒரே பக்கம் நிற்கவில்லை. 2004 இல் வெளியான ஓர் ஆய்வில், நீண்ட தொடர்பணி செய்த பயிற்சி வைத்தியர்கள் கடுமையான தவறுகளை மூன்றில் ஒரு பங்குக்கும் சற்று அதிகமாகச் செய்திருந்தார்கள். 2016 இல் சத்திரசிகிச்சைத் துறையில் நடத்தப்பட்ட பெரிய ஆய்வொன்று, நேரக் கட்டுப்பாட்டைத் தளர்த்தியதால் நோயாளிகளுக்குப் பாதகம் ஏற்படவில்லை என்றது. கைமாற்றங்கள் கூடும்போது தகவல் தவறிப்போகும் என்ற வாதத்திலும் பொருள் உண்டு. ஆனால் இந்த வாதங்கள் எல்லாம் நோயாளியைப் பற்றியவை. வைத்தியரைப் பற்றி 2016 இல் வேறொரு தொகுப்பாய்வு வந்தது. 47 நாடுகளின் மருத்துவ மாணவர்களைப் பற்றிய ஆய்வுகளைத் திரட்டிப் பார்த்ததில், 27.2 வீதமானோரிடம் மனச்சோர்வோ அதன் அறிகுறிகளோ காணப்பட்டன. 11.1 வீதமானோருக்கு உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் எழுந்திருந்தது. இவர்கள் இன்னும் வைத்தியராகவே ஆகாதவர்கள்.

ஓயாத உழைப்பை மருத்துவப் பயிற்சியின் இலக்கணமாக்கியவர் என்று வில்லியம் ஹோல்ஸ்ரெட்டைச் சொல்வார்கள். ஜோன்ஸ் ஹொப்கின்ஸ் மருத்துவமனை 1889 இல் திறக்கப்பட்டபின் அங்கே வதிவிடப் பயிற்சி முறையை உருவாக்கிய மேதை. அவர் கொக்கெயினுக்கும் பின்னர் மோர்பினுக்கும் அடிமைப்பட்டிருந்தவர் என்பது பிற்காலத்தில் வெளிவந்தது. அதைவிட எனக்குச் சுவையாகப் பட்டது வேறொன்று. மாணவர்களை மருத்துவமனையிலேயே குடியிருக்க வைத்த அந்தப் பேராசான், கோடை வந்ததும் வட கரோலைனா மலைகளில் இருந்த தம் பண்ணை வீட்டுக்கு மாதக்கணக்கில் போய்விடுவாராம். பேராசிரியர்களின் கோடையைப் பற்றி எவரும் வழக்கு வைப்பதில்லை.

கதைக்கு வருவோம். கொட்டேஜுக்கு இடையில் ஒரு நாள் பெறாமகளின் கணவர் புட்டும் ஆட்டிறைச்சிக் கறியும் கட்டிக்கொண்டு புறப்பட்டபோது என்னையும் ஏற்றிக்கொண்டார். ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேர ஓட்டம், கிரேவன்ஹர்ஸ்ட் நகருக்கு அண்மையில். நோர்மன் பெதியூன் பிறந்த ஊர் அது. ரொறன்ரோவில் மருத்துவ மாணவராக இருந்தவர், 1911 இல் படிப்பை இடைநிறுத்தி, மரம் வெட்டும் முகாமொன்றில் தொழிலாளருக்கு எழுத்தறிவிக்கப் போனார். அவருடைய வீட்டைப் பார்த்தார்களா என்று பிள்ளைகளைக் கேட்டேன். பார்த்தார்களாம், அரை மணி நேரம். பக்கத்தில் ஐஸ்கிறீம் கடை நன்றாக இருந்ததாம்.

அவர்கள் அங்கே என்ன செய்தார்கள் என்று பெறாமகள் பிறகு என்னைக் கேட்டாள். ஒன்றும் செய்யவில்லை என்றுதான் சொல்ல முடிந்தது. ஐவரும் காலையில் எழும்பவில்லை. எழும்பியதும் நீந்தினார்கள். வள்ளத்தில் போய்க் கவிழ்ந்து சிரித்தார்கள். சோளத்தைக் கரியாகும்வரை சுட்டார்கள். ஒருவன் எட்டு வாரங்கள் ஒரு களஞ்சியசாலையில் பெட்டி தூக்கும் வேலை எடுத்திருந்தான். நடுவில் ஒரு வாரம் கேட்டு வாங்கி வந்திருந்தான். அவனுடைய பங்கு வாடகையை மற்ற நால்வரும் போட்டிருந்தார்கள். ஓய்வும் காசு உள்ளவனுக்குத்தான் என்ற உண்மை அவனைப் பார்த்தபோது உறைத்தது. கல்விக் கடனில் மூழ்கியிருக்கும் பிள்ளையிடம் ஓய்வெடு என்று உபதேசிப்பது, பசித்தவனிடம் விரதத்தின் மகிமையைப் பேசுவது போன்றது. கோடைக்கான உதவித்தொகைகளை ஆய்வுக்கு மட்டும் அள்ளிக் கொடுக்கும் கல்லூரிகள் இதைப் பற்றியும் சிந்திக்கலாம்.

மாலை, மற்றவர்கள் தீ மூட்டிக்கொண்டிருக்க, பேத்தி என்னோடு படகுத்துறையில் வந்து அமர்ந்தாள். லூன் என்ற பறவை ஏரியின் நடுவில் கத்திக்கொண்டிருந்தது. கனடாவின் ஒரு டொலர் நாணயத்தில் இருப்பது அதுதான். "தாத்தா, மாசி மாதம் நான் படிப்பை விடுவம் எண்டு நினைச்சனான்," என்றாள். ஏன் என்று கேட்டேன். பெரிய காரணம் எதுவும் இல்லை என்றாள். பல நாட்களாக நித்திரை இல்லை, சாப்பாடு இறங்கவில்லை, உடற்கூற்றியல் கூடத்தில் ஒரு நாள் கை நடுங்கியது, அது எவருக்கும் தெரியவில்லை. இந்த நான்கு பேரில் ஒருத்திக்கு மட்டும் தெரிந்தது. அவள்தான் இந்தக் கோடைக்கு ஒன்றும் வைத்துக்கொள்ள வேண்டாம் என்று சொன்னவளாம்.

"அம்மாவுக்குச் சொன்னனியோ?"

"எப்பிடிச் சொல்லுறது? அம்மாவின்ர பெட்டிக்குள்ள அந்தக் கடிதம் இருக்கு."

என்னிடம் அதற்குப் பதில் இருக்கவில்லை. அவள் பின்னர் தாயிடம் சொல்லிவிட்டாள். இருவரின் சம்மதத்தோடுதான் இதை எழுதுகிறேன். அன்று இரவு, பெரியவர்கள் நாங்கள் இருவரும் திரும்புவதாக இருந்த பயணத்தை ஒத்திவைத்து அங்கேயே தங்கினோம்.

மறுநாள் பத்தரை மணிக்கு எல்லோருக்கும் தேநீர் ஊற்றி வைத்தேன். ஒருவரும் எழும்பவில்லை. பெறாமகள் தொலைபேசியில் அழைத்து, பிள்ளை என்ன செய்கிறாள் என்று கேட்டாள். நித்திரை என்றேன். "இன்னுமோ?" என்றாள். எழுப்ப வேண்டாம் என்று சொல்லிவிட்டு, ஆறிப்போன தேநீரை நானே குடித்தேன்.